விண்டோஸில் பைத்தான் மட்டும் தமிழ் சிஎஸ்வி ஃபைலைப் படிக்க மறுக்கிறதே, ஏன்?

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு வரி. விஎஸ் கோட் எடிட்டரில் சரியாகத் தெரிகிறது. பைத்தானில் ஓபன் செய்தால் ‘சார்மேப்’ என்று தொடங்கும் எரர். மாஹே வரியை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை நீக்கினால் எரர் இல்லை, குப்பை எழுத்து வருகிறது என்கிறீர்கள். காரணம் அந்த மாஹேயிலேயே இருக்கிறது.

விஎஸ் கோட் ஃபைலை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கிறது; எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை (என்கோடிங்) அது. ஓபனில் என்கோடிங் சொல்லாவிட்டால் பைத்தான் (3.14 வரை) விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணையை, அதாவது கோட் பேஜை, எடுத்துக்கொள்ளும். நம் ஊர் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 1252. யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 1252-ல் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே கிடையாது. உகரக் குறியின் கடைசி பைட் (பதினாறடி எண்ணில்) 81, புள்ளியுடையது 8டி, ‘ஏ’ என்ற தனி எழுத்தினுடையது 8எஃப். மூன்றும் அந்த ஐந்தில் அடக்கம். புதுச்சேரி ‘பு’விலேயே விழும், காரைக்கால் ‘க்’கில், ஏனாம் முதல் எழுத்தில். மாஹேயில் இவை எதுவும் இல்லை, அதனால் தப்பான எழுத்தாகவே உள்ளே நுழைந்துவிடுகிறது. எரரை விட இதுதான் ஆபத்து. அதை யுடிஎஃப்-8 ஆகத் திரும்ப எழுதினால் டேட்டா கெட்டுப்போகும்.

சரிசெய்ய, ஓபனில் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். எழுதும்போதும் அதே. எக்செலில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ ஆகச் சேமித்த ஃபைல் என்றால் என்கோடிங்காக யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயரில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டி, கீ எரர் வரும்.

பழைய கோட் நிறைய இருந்தால், ஸ்டார்ட்டில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடி, பைத்தான்யுடிஎஃப்8 என்ற பெயரில் (ஆங்கிலத்தில், எல்லாம் கேப்பிட்டல், இடைவெளி இல்லாமல்) மதிப்பு 1 சேர்த்துவிடுங்கள். பைத்தான் 3.7 முதல் வேலை செய்யும். பிறகு விஎஸ் கோடின் எல்லா ஜன்னலையும் மூடித் திறக்க வேண்டும். டெர்மினலை மட்டும் புதிதாகத் திறந்தால் பழைய மதிப்பே வரும், பலர் ‘வேலை செய்யலை’ என்பது இங்கேதான்.

டெர்மினலில் சிஹெச்சிபி 65001 (chcp 65001) என்ற கட்டளையைப் போடச் சொல்வார்கள். அது கன்சோலை மட்டும் மாற்றும், ஓபனைத் தொடாது. எரரை இக்னோர் செய்யும் யோசனையும் வேண்டாம், எழுத்தில்லாத பைட்டைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் குப்பையாகவே தரும். பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரியில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், ரீட் சிஎஸ்வி தானாகவே யுடிஎஃப்-8 எடுத்துக்கொள்வதுதான்.

டெர்மினலில் கொம்பும் புள்ளியும் தள்ளித் தெரிந்தால் அது வேறு கதை: அங்கே எழுத்துகள் சம அகலக் கட்டங்களில் உட்காருகின்றன. ஃபைலில் பிழை இல்லை, விட்டுவிடலாம்.