நீலாங்கரை ஷெட்டில் நிற்கும் 1968 ஸ்பிட்ஃபயர், சேஸிஸில் துரு: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் விற்பவர் சொல்லும் நாலு லட்சத்துக்கு இல்லை. அதுவும் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துப் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி நீளமாக இருந்ததால், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், தகர ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி வருடக்கணக்காக நிற்கிறது. முதல் ஓனர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார். எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. "சேஸிஸ்ல கொஞ்சம் துரு இருக்கு, வெல்டு வச்சா சரியாயிடும்" என்று புரோக்கர் சொல்கிறார். நீங்கள் கேட்பது: சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) துரு என்றாலே விட்டுவிட வேண்டுமா, அல்லது ஏதாவது பழைய ஹெரால்டு காரின் சேஸிஸை வாங்கி அடியில் மாற்றிவிடலாமா?

என் மாமாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முழுக்கப் பிரித்துச் சேர்த்தபோது கூடவே இருந்தேன், பிறகு நண்பர் ஒருவரின் ஸ்பிட்ஃபயருக்கும் அதே பட்டறையில் காவல் நின்றேன். அந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன், நான் மெக்கானிக் இல்லை.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த வண்டியை வாங்க இந்தியாவில் சென்னையைவிடத் தோதான ஊர் கிடையாது. 1962-ல் ஸ்பிட்ஃபயர் வந்தபோது அதை வெறும் காகிதத்திலிருந்து புதிதாகச் செய்யவில்லை, ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் இத்தாலிக்காரர் ஜியோவானி மிச்செலோட்டி வரைந்த உடம்பை வைத்தார்கள். அந்த ஹெரால்டைத்தான் 1960-களில் நம்ம பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று நம் ஊரில் மட்டும்தான் வந்தது. அதனால் முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ரேக், பின்னால் குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங் இதெல்லாம் கைப்பழக்கமாகத் தெரிந்த வயசான மெக்கானிக்குகள் இன்னும் தாம்பரம் பக்கமும் புதுப்பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் "ஸ்பிட்ஃபயர்" என்று சொன்னால் முழிப்பார்கள், பானெட்டை முழுசாக முன்பக்கம் கவிழ்த்துக் காட்டினால் "அட, இது நம்ம ஹெரால்டு" என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்போது துருவுக்கு வருவோம். இங்கேதான் பலரும் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள்.

ஹெரால்டில் நடுவில் ஓடும் இரண்டு முதுகெலும்புக் கம்பிகளோடு, பக்கவாட்டிலும் சேஸிஸ் கம்பி போகும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கவாட்டுக் கம்பியை எடுத்துவிட்டார்கள். அது செய்த வேலையைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில், அதாவது நம் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்று சொல்கிற அந்தப் பெட்டித் தகடு, செய்கிறது. பின் சக்கரத்தை முன்னும் பின்னும் பிடித்து வைக்கிற ரேடியஸ் ஆர்ம் கூட சேஸிஸில் மாட்டாமல் சீட்டுக்குப் பின்னால் பாடித் தகட்டில்தான் மாட்டியிருக்கும். கூரையும் இல்லாத வண்டி. ஆக, ரன்னிங் போர்டு உள்ளே பொடியாகிப்போயிருந்தால், சேஸிஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். புரோக்கர் "சேஸிஸ்ல துரு" என்று தானாகவே ஒப்புக்கொள்கிறார் என்றால் எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம், ரன்னிங் போர்டைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்பதுதான்.

இதைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். கதவை மூடிவிட்டு, கதவின் பின் ஓரத்துக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். ஒரே அகலமாக இருந்தால் நல்லது. மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சமதரையில் ஒரு பக்கத்துப் பின்பகுதியைக் கெட்டியான இடமாகப் பார்த்து ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நின்றபோது சுலபமாகத் திறந்த கதவு இப்போது இழுத்துப் பிடித்தால், ரன்னிங் போர்டில் வெளியே தெரிகிற பளபளப்பு வெறும் பட்டியும் பெயின்ட்டும்தான். இதைச் செய்யும்போது மகனும் புரோக்கரும் பக்கத்தில் நிற்கட்டும், விலை பேசும்போது உதவும்.

சேஸிஸைப் பார்க்க வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், துருப்பிடித்த பெட்டிக் கம்பியின் கீழ் ஜாக்கி வைத்தால் அது உள்ளே குத்திக்கொண்டு போய்விடும். ஒரு பழைய ஸ்குரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல், நல்ல டார்ச், இவ்வளவு போதும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பாடியைத் தாங்குவதற்காகச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் இருக்கும், சக்கரம் அடிக்கிற சேறு எல்லாம் அங்கேதான் அடையும். அங்கே தட்டுங்கள். நல்ல இரும்பு "டங்" என்று கணீரென்று சொல்லும். துரு தின்ற இரும்பு "டப்" என்று அமுங்கிய சத்தம் தரும், தட்டும்போதே உள்ளேயிருந்து செதில் செதிலாக மூஞ்சியில் கொட்டும் (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்). ஸ்குரூடிரைவர் முனையை அழுத்தினால் உள்ளே போகிறதா பாருங்கள். விற்பவர் கோபப்பட்டால், ஏதோ இருக்கிறது.

அடியில் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன். நண்பரின் வண்டியில் அப்படித்தான் இருந்தது. சுரண்டிப் பார்த்தால், ஓட்டை விழுந்த கம்பியின் மேல் எண்ணெய் டின் தகட்டை வெட்டி வைத்து, ஆர்க் வெல்டிங்கில் அங்கங்கே புள்ளி வைத்து, மேலே தார் அடித்திருந்தார்கள். அந்தத் தகட்டின் ஓரத்தில் டின் கம்பெனியின் பச்சை எழுத்து பாதி அப்படியே இருந்தது. முன்னாடி யாரோ செய்த வேலை, யார் என்று தெரியவில்லை. அதையெல்லாம் வெட்டி எறிந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கியது.

அந்த நீட்டுக் கைகளில் துரு என்றால் பயம் வேண்டாம். அவற்றை அறுத்துவிட்டுப் புதிதாகச் செய்து வைக்கலாம், இங்கிலாந்தில் ரெடிமேடாகவே விற்கிறார்கள், சுங்கவரியோடு வரும் பில் மட்டும் வலிக்கும். இங்கேயே 14 கேஜ் தகட்டை மடக்கித் தருகிற நல்ல பட்டறைக்காரர் கிடைத்தால் அதுவே போதும். பயப்பட வேண்டியது இரண்டு முதுகெலும்புக் கம்பிகளுக்கு. அதுவும் முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடம், பின்னால் டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) தொங்கும் இடம். அங்கே ஸ்குரூடிரைவர் உள்ளே போனால் நான் வண்டியைப் பார்த்ததே போதும் என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

முன்பக்கக் கம்பியில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், எங்கேயோ மோதியிருந்தால் அங்கேதான் மடியும். கோணல் பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். சஸ்பென்ஷன் போல்ட்களிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, வண்டியைத் தள்ளிவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூலைகளை டேப்பால் அளங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். கையளவு வித்தியாசம் வேண்டாம், விரல் அகலம் வந்தாலே வண்டி நேராக ஓடாது.

நீலாங்கரை என்பதும் ஒரு விஷயம். கடலோரக் காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மழையே இல்லாத மாதத்திலும் துரு நிற்காது. மண் தரையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் இன்னும் மோசம், தரையிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியே கிடையாது. போர்த்தி வைத்த அன்பில்தான் பாதி வண்டிகள் சாகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் ஏறியதா என்று கேளுங்கள், கேட்டுவிட்டு நம்பாதீர்கள், கதவின் உள் அட்டையையும் சீட்டின் அடி ஸ்பிரிங்கையும் பாருங்கள். கறைக்கோடு இருந்தால் ரன்னிங் போர்டுக்குள்ளும் சேறு இருக்கிறது.

வேலைக்கு எடுத்தால் ஒரு விஷயத்தில் மட்டும் டிங்கரிங் செய்பவரோடு சண்டை போடத் தயாராக இருங்கள். ரன்னிங் போர்டை வெட்டுவதற்கு முன், பாடி சேஸிஸ் மேலேயே போல்ட்டில் இருக்க வேண்டும், கதவு வாசலுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் சேர்த்துக் கம்பி வெல்டு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும், ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கம். இரண்டையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் பாடி மடங்கிவிடும், அப்புறம் எந்தக் கதவும் எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. வெல்டிங் சிஓ2 வாயு வைத்துச் செய்வதுதான், ஆர்க் வேண்டவே வேண்டாம், மெல்லிய தகட்டில் அது ஓட்டை போட்டுக்கொண்டே போகும். ரன்னிங் போர்டு வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு வலுத்தகடு என்று மூன்று அடுக்கு, நடுத்தகட்டை "அது யாருக்குத் தெரியப்போகுது" என்று விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருந்தீர்கள், அது இந்தக் கதையில் சின்ன விஷயம். 1296 சிசி, நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக், எந்த லேத்திலும் வேலை செய்யலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே நகர்ந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கிற திரஸ்ட் வாஷர் போய்விட்டது. அதேபோல முன் சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டான டிரன்னியன், அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான். நம் ஊரில் எல்லோரும் கிரீஸ்தான் அடித்திருப்பார்கள், அது காய்ந்து தேய்ந்து ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிக்கொள்ளும். பிரித்துப் பார்க்காமல் சாலையில் இறக்காதீர்கள்.

காகிதம். இது துருவைவிட மோசமாக அரிக்கும். எம்எஸ், எம்டி என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பரோடு அசல் ஆர்சி புத்தகம் இருக்கிறதா? ஓனர் இறந்துவிட்டதால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வைத்துப் படிவம் 31-ல் வண்டி மகன் பெயருக்கு மாற வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 படிவங்களில் உங்கள் பெயருக்கு. "நேரா உங்க பேருக்கே போட்டுடலாம் சார்" என்று புரோக்கர் சொல்வார், சிரித்துவிட்டு நகருங்கள். மார்க் 3 என்றால் வண்டியில் உள்ள தகட்டில் சேஸிஸ் எண் எஃப்டி என்று தொடங்கும், ஆர்சியில் உள்ளதும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும், நம்பரில் விஏ என்று வரும். ஆனால் அதில் வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், ஆபீஸுக்குத் தினமும் ஓட்ட முடியாது. இன்னொன்று, சேஸிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்த வண்டி இந்தப் பதிவுக்கு ஆகாது. துருவை வெட்டி அதே வடிவத்தில் தகடு வைப்பது மாற்றம் இல்லை என்றுதான் நான் வாதிடுவேன், ஆனாலும் ஆய்வாளர் கேட்பார் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இப்போது அந்த ஹெரால்டு சேஸிஸ் யோசனை. வேண்டாம். ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. நடுவில் எட்டரை அங்குலத்தை வெட்டி ஒட்ட வேண்டும், ஒட்டினால் விண்டேஜ் பதிவும் போச்சு, காப்பீட்டுக்காரரிடமும் பதில் சொல்ல முடியாது. ஆனால் சல்லிசாக ஒரு செத்த ஹெரால்டு கிடைத்தால் அதை வாங்கிப் போடுங்கள். முன் சஸ்பென்ஷன், ரேக், டிஃபரென்ஷியல் பாகங்கள் எல்லாம் பிரித்து வைத்தால் பல வருடத்துக்கு ஆகும். சேஸிஸை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம். நீலாங்கரைக்காரரிடம், ரன்னிங் போர்டு தொய்ந்திருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பேசாதீர்கள். கதவு இடைவெளி ஒரே சீராக இருந்து, நீட்டுக் கைகளில் மட்டும்தான் துரு என்றால் இரண்டே முக்கால் வரை போகலாம், அதுவும் ஆர்சி மகன் பெயருக்கு மாறிய பிறகு.