அமெரிக்கச் சமவெளியில் சிறு விவசாய ஊர்கள் ஏன் ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கின்றன? அங்கே மக்கள் எப்படிக் கூடி வாழ்ந்தார்கள்?

முக்கியக் காரணம் குதிரை வண்டிதான். 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தில் 5 வருடம் குடியிருந்து பயிர் செய்தவர்களுக்கு அது சொந்தமாகிவிட்டது, ஆனா விளைந்த கோதுமையை வண்டியில் ஏற்றிப்போய் விற்றுவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டுமே, அதனால் ரயில் நிறுவனங்கள் சில மைல்களுக்கு ஒரு நிலையமும் பக்கத்திலேயே உயரமான தானியக் கிடங்கும் வருகிற மாதிரி ஊர்களைத் திட்டமிட்டன. பல இடங்களில் ரயில் நிறுவனமே மனை பிரித்து விற்றது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு ரயில் பாதையில் கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மாண்ட் என்று ஆங்கில அகரவரிசையிலேயே (C, D, E, F) பெயர் வைத்துக்கொண்டு போனார்கள்!

கூட்டு வாழ்க்கைக்கு அடித்தளம் வேலைதான். கதிரடிக்கும் இயந்திரம் தனி ஒருவரால் வாங்க முடியாத விலை. அதனால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு பண்ணையாகப் போய்க் கதிரடித்தன, அத்தனை பேருக்கும் அந்த வீட்டுப் பெண்களே சமைத்தார்கள், அந்த உழைப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. 1867-இல் தொடங்கிய கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கம் பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது, ரயில் கட்டணக் கொள்ளையையும் எதிர்த்துப் போராடியது.

அப்புறம் காரும் அறுவடை இயந்திரமும் வந்தன. பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்தன. பள்ளிகளைப் பக்கத்து ஊரோடு இணைத்ததுதான் பல ஊர்களுக்குப் பெரிய அடி, ஏனென்றால் ஊர் முழுக்கக் கூடுவதற்கு இருந்த இடம் அதுதான்.