பெங்களூரு நம்பர் கார் கோவைக்கு வந்து 14 மாதம் ஆகிவிட்டது. இனி என்ன செய்வது?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2021-இல் பெங்களூருவில் கடன் போட்டு கார் வாங்கினேன். கே.ஏ. 51 பதிவெண். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு சொந்த ஊரான கோவைக்கு வந்துவிட்டேன். கார் இங்கே வந்து 14 மாதம் ஆகிறது. மாதம் ஒரு முறை அதே காரில் பெங்களூரு போய் வருவேன். போன வாரம் வாகனச் சோதனையில் நிறுத்தியவர், "ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இது பதிவே இல்லாத வண்டி மாதிரிதான், இன்ஷூரன்ஸும் செல்லாது" என்று சொல்லிவிட்டார். ஆர்.டி.ஓ. வேலை செய்து தரும் புரோக்கர் ஒருவரோ, போன மாதம்தான் கோவைக்கு வந்ததுபோல வாடகை ஒப்பந்தம் தயார் செய்துவிடலாம், ஒரிஜினல் ஆர்.சி.யைக் கொடுங்கள் என்கிறார். கடன் இன்னும் 2 வருடம் இருக்கிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டுமா? வரி மறுபடியும் முழுதாகக் கட்ட வேண்டுமா? எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் ஆர்.சி.யை அந்தப் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சோதனையில் சொன்னது உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். அதில் பாதிதான் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 46, ஒரு மாநிலத்தில் முறைப்படி பதிவான வண்டியின் ஆர்.சி. இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. ஆனால் அது அடுத்த பிரிவான 47-க்கு உட்பட்டது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது 47. மத்திய மோட்டார் வாகன விதி 54, அந்த 12 மாதம் முடிந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் தருகிறது. ஆக உங்களுக்குக் கிடைத்த மொத்தக் காலம் ஏறக்குறைய 13 மாதம். நீங்கள் ஒரு மாதம் பிந்திவிட்டீர்கள். தவறு அவ்வளவுதான். பிந்தியதாலேயே கர்நாடகப் பதிவு தானாக ரத்தாகிவிடாது. பதிவே இல்லாமல் ஓட்டுவது பிரிவு 192-இன் கீழ் வரும் பெரிய குற்றம்; பிந்தி விண்ணப்பிப்பதற்குப் பொதுத் தண்டனைப் பிரிவான 177 அல்லது அதற்கு ஈடாக ஆர்.டி.ஓ. வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு தொகைதான். 177-இல் முதல் முறைக்கு அபராதம் 500 ரூபாய் வரை.

மாதம் ஒரு முறை பெங்களூரு போவதால் 12 மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நம்பி உங்களுக்கு வழி சொல்ல மாட்டேன். சட்டம் கேட்பது வண்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. இரண்டு நாள் பெங்களூரு, மீதி 28 நாள் கோவை வீட்டு வாசல் என்றால் வண்டி கோவையில்தான் இருக்கிறது.

பலரும் கவனிக்காத இன்னொன்று முகவரி. பதிவெண் மாற்றத்துக்குத்தான் 12 மாதம். ஆர்.சி.யில் உள்ள முகவரியை விட்டு நீங்கள் குடிபெயர்ந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 49. ஆறு மாதத்துக்கு மேல் நீளாத தற்காலிக இடமாற்றத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு, உங்களுக்குப் பொருந்தாது. இதற்கும் அபராதம் சிறியதே. பதிவெண் மாற்றும்போது முகவரியும் சேர்ந்து மாறிவிடும்.

இப்போது அந்த வாடகை ஒப்பந்தம். சில நூறு ரூபாய்த் தாமதத் தொகையைத் தவிர்க்க, தேதி பொய்யான ஒரு ஆவணத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். பொய் ஆவணம் தயாரிப்பதும் அதை அரசு அலுவலகத்தில் கொடுப்பதும் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் குற்றம். அது ஒரு பக்கம். உங்கள் கார் எங்கே இருந்தது என்பதை உங்கள் ஃபாஸ்டேக் கணக்கே நாள், நேரத்தோடு சொல்லும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை எந்த இரவில் தாண்டினீர்கள் என்பது வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியாக இருக்கிறது. கோவையில் சர்வீஸ் விட்ட பில்கள் இருக்கின்றன. நாளைக்கு ஒரு விபத்து நடந்து பெரிய இழப்பீட்டு மனு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இவற்றைத்தான். குறுக்கு விசாரணைக் கூண்டில் ஒரு நல்ல மனிதர், 500 ரூபாய் விஷயத்துக்காகச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற அடுத்தடுத்துத் தடுமாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உண்மையான தேதியை எழுதுங்கள். அப்பாவின் மருத்துவமனைச் சீட்டுகளின் நகலையும் வைத்து, தாமதத்துக்குக் காரணம் இதுதான் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்.

இன்ஷூரன்ஸ் செல்லாது என்பது சரியல்ல. உங்கள் பாலிசி இந்தியா முழுவதும் செல்லும். மாநில எல்லை தாண்டியதால் காலாவதி ஆகாது. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். 2014-இலும் 2021-இலும் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுத்தது சரி என்றது. அந்த இரண்டிலும் தற்காலிகப் பதிவு முடிந்துபோய், நிரந்தரப் பதிவு செய்யாமல் வண்டி ஓடியது. சம்பவத்தன்று அந்த வண்டிகளுக்குப் பதிவே இல்லை. உங்கள் காருக்கு நிரந்தரப் பதிவு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி யாராவது பயமுறுத்தினால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

அதற்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். கோவை முகவரியை இன்றைக்கே மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். புது நம்பர் வந்ததும் புதிய ஆர்.சி.யின் நகலை அனுப்பி, பாலிசியில் பதிவெண்ணை மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பாலிசியை ரத்து செய்துவிட்டுப் புதிது எடுக்கத் தேவையில்லை. அப்படி ஆசை காட்டும் ஏஜென்ட்டுகளும் உண்டு. கிளைம் எடுக்காததால் சேர்ந்திருக்கும் போனஸ் தள்ளுபடி, நம்பர் மாறினாலும் உங்களோடு வரும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடும். ஆர்.டி.ஓ. அலைச்சலில் புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் பிரிவு 196-இன் கீழ் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு சின்ன லாபமும் இருக்கலாம். தனியார் கார்களுக்கு இன்ஷூரன்ஸில் 'ஏ', 'பி' என்று இரண்டு மண்டலம். பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகியவை 'ஏ'. மற்ற ஊர்கள் 'பி'. கோவை 'பி'. சொந்தச் சேதத்துக்கான அடிப்படைக் கட்டணம் 'பி'யில் கொஞ்சம் குறைவு. அடுத்த முறை புதுப்பிக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் இன்ஜின் சி.சி.யைப் பொறுத்தது, ஊர் மாறினாலும் மாறாது.

எஃப்.சி. என்று நீங்கள் கேட்டது டாக்ஸி, லாரி போன்ற வாடகை வண்டிகளுக்கு. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். உங்களுக்கு 2036 வரை. அதற்கு முன் எஃப்.சி. என்று எதுவும் இல்லை. புது நம்பர் வாங்கினால் அந்த 15 வருடம் புதிதாகத் தொடங்கவும் செய்யாது. புகைச் சான்று மட்டும் நடப்பில் இருக்க வேண்டும். உங்கள் வண்டி பி.எஸ். 6 என்ற புகை அளவு விதிப்படி செய்தது என்பதால் ஒரு வருடம் செல்லும். கர்நாடகத்தில் எடுத்ததே இங்கும் போதும்.

இனி வேலையின் வரிசை. வரிசை தவறினால் ஒரே அலுவலகத்துக்கு மூன்று முறை போக வேண்டிவரும்.

முதல் கடிதம் வங்கிக்கு. கடன் இருக்கும் வண்டியின் பதிவெண்ணை மாற்றக் கடன் கொடுத்தவரின் ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். பிரிவு 51-இன்படி வங்கி 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும். சட்டம் அப்படிச் சொன்னாலும், கவுன்ட்டரில் இருப்பவர் காகிதத்தைத்தான் கேட்பார். அதனால் கடிதம் கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். 7 நாள் தாண்டினால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மேலாளருக்கு எழுதுங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலை நடந்துவிடும்.

அடுத்தது கர்நாடக ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணை இல்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. கே.ஏ. 51 என்றால் எலக்ட்ரானிக் சிட்டி ஆர்.டி.ஓ. படிவம் 28. பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம். அதற்கு முன் பெங்களூருவில் பாக்கியிருக்கும் போக்குவரத்து அபராதச் சலான்களைப் பார்த்துக் கட்டிவிடுங்கள். என்.ஓ.சி. நிற்பதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதலிடம். எந்த ஊருக்கு என்று கேட்கும் இடத்தில் வெறும் கோவை என்று எழுத முடியாது. கோவையில் தெற்கு டி.என். 37, வடக்கு 38, மத்தியம் 66, மேற்கு 99. உங்கள் வீட்டு முகவரி எதில் வருகிறது என்று உறுதி செய்துகொண்டு அந்த அலுவலகத்தின் பெயரைப் போடுங்கள். வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்ற போலீஸ் அறிக்கையையும் வரிப் பாக்கி இல்லை என்பதையும் பார்த்து, 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது பிரிவு 48. சொல்லாவிட்டால் கொடுத்ததாகக் கருதப்படும். இங்கும் ஒப்புகைச் சீட்டுதான் உங்கள் ஆயுதம்.

சேஸி எண்ணின் பென்சில் பிரதி கேட்பார்கள். மெல்லிய தாளை உலோகத்தில் பொறித்த எண்ணின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பி வரும். பல கார்களில் அந்த எண் முன் சீட்டுக்கடியில், தரைவிரிப்பில் ஒரு சின்ன மடிப்பைத் தூக்கினால் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்களே நான்கைந்து பிரதி எடுத்து வையுங்கள். ஒரு எழுத்து மங்கலாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

என்.ஓ.சி. கையில் வந்ததும் கோவை ஆர்.டி.ஓ.வில் படிவம் 27. ஆர்.சி., என்.ஓ.சி., வங்கிக் கடிதம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, கோவை முகவரிச் சான்று, பான் எல்லாம் சேர்த்து. வண்டியை நேரில் கொண்டுபோக வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், பானெட்டைத் திறந்து சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், முன்பக்கம் கூடுதல் கம்பி பம்பர் இருந்தால் முந்தின நாளே கழற்றிவிடுங்கள்.

வரிதான் உங்களுக்கு வலிக்கப்போகும் இடம். மறைத்துப் பயனில்லை. வாகன வரி அரசியல் சாசனப்படி மாநிலத்தின் அதிகாரம். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியைத் தமிழ்நாடு கழித்துக்கொள்ளாது. இங்கே தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் 1974-இன்படி, மாநிலத்துக்குள் ஓட்டப்படும் அல்லது ஓட்டுவதற்காக வைத்திருக்கப்படும் வண்டிக்கு வரி உண்டு. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைத்துப் போடுவார்கள். கார் வாங்கிய முதல் இன்வாய்ஸைத் தேடி எடுங்கள். விலைக்கு ஆதாரம் அதுதான்.

கட்டிய பிறகு கர்நாடகத்திடம் திரும்பக் கேளுங்கள். கர்நாடக மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் 1957, வண்டி மாநிலத்தை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டால் ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்குரிய பங்கைத் திருப்பித் தருகிறது. வண்டியின் வயது ஏற ஏறத் தொகை குறையும், அதனால் தள்ளிப்போடுவது நஷ்டம். புதிய தமிழ்நாடு ஆர்.சி., என்.ஓ.சி. நகல், பழைய வரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம் இவற்றோடு எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்துக்கே விண்ணப்பம் போக வேண்டும். ஆர்.சி.யை ஒப்படைக்கும் முன் அதன் இரு பக்கத்தையும், என்.ஓ.சி.யையும், ரசீதையும் கலரில் ஸ்கேன் செய்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான். புரோக்கரிடம் போன ஆர்.சி.க்கு நகலும் இல்லை, ஒப்புகையும் இல்லை என்று வந்து நின்றவர்களுக்கு இந்தப் பணம் வாங்கிக் கொடுப்பது பெரும்பாடு. நீங்கள் ஒரு வருடத்துக்கு மேல் விட்டுக்கொடுத்தது போதும்.

உங்கள் கம்பெனிக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருந்தால் 'பி.ஹெச்.' (பாரத்) பதிவு என்ற வழியும் விதிகளில் இருக்கிறது. அது இரண்டிரண்டு வருடமாக வரி கட்டி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஏற்றது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊரில் நிலைத்துவிட்ட உங்களுக்கு டி.என். நம்பரே போதும் என்பது என் கருத்து.

புது நம்பர் வந்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்குப் பதிந்து மாட்டுங்கள். ஃபாஸ்டேக் வழங்கிய வங்கியிடம் பதிவெண்ணை மாற்றச் சொல்லுங்கள்; பழைய எண்ணிலேயே விட்டால் ஏதோ ஒரு சுங்கச்சாவடியில் டேக் முடங்கி நிற்பீர்கள். புது நம்பர் வரும்வரை கே.ஏ. நம்பரோடுதான் ஓட்ட வேண்டும். மறுபடி யாராவது நிறுத்தினால் வங்கிக் கடிதத்தின் ஒப்புகையையும் என்.ஓ.சி. விண்ணப்பச் சீட்டையும் காட்டி, விண்ணப்பித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அபராதம் போட்டால் எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேட்டு, சலானில் 177 இருக்கிறதா 192 இருக்கிறதா பாருங்கள். 192 என்று இருந்தால் அங்கே கட்டாதீர்கள். சலானைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.