ரெடோன் கையெழுத்துள்ள பூ ஓவியம்: வாங்கலாமா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஒடிலோன் ரெடோன் கையெழுத்துடன் பூச்சாடி வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று தரகர் மூலம் விலைக்கு வந்திருக்கிறது. நிபுணர் சான்றிதழும் உண்டாம். நம்பலாமா?

பதில்: சான்றிதழை ஓரமாக வையுங்கள். பிரான்ஸில் ‘கலை நிபுணர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பல சான்றிதழ்களை எழுதித் தருவது தரகரின் கூட்டாளிதான்.

கையெழுத்தையும் நம்பாதீர்கள். ரெடோன் (1840–1916) ஐம்பது வயதுவரை பெரும்பாலும் கரியிலும் கல்லச்சிலும் கறுப்புப் படங்களே செய்தார். வண்ணப் பூக்கள் அதற்குப் பிறகு. அந்தக் காலத்தில் அங்கே பூச்சாடி வரையாத ஓவியர் யார்? பெயரில்லாத ஒன்றை மலிவாகப் பிடித்து, மூலையில் பெயரைத் தீட்டிவிட்டால் போதும். கித்தான், சட்டம், விரிசல் எல்லாமே பழசு. பெயர் மட்டும் புதுசு. புற ஊதா விளக்கில் பாருங்கள்: கையெழுத்து வார்னிஷுக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வில்டன்ஸ்டைன் என்ற கலை ஆய்வு நிறுவனம் 1992 முதல் 1998 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ரெடோன் படைப்புப் பட்டியல் கலை நூலகங்களில் உண்டு. பூக்கள் மூன்றாம் தொகுதியில். அதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தால் அளவையும் பழைய உரிமையாளர் வரிசையையும் ஒப்பிடுங்கள். பட்டியலில் உள்ள படத்தைப் பார்த்து நகல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் டைட்டானியம் வெள்ளை என்ற வண்ணப்பொருள் தென்பட்டால்? ஓவியர்களின் கைக்கு அது பரவலாக வந்தது 1920களில், ரெடோன் இறந்த பிறகு. ஆனால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். உதிர்ந்த இடத்தைப் பின்னாளில் பழுதுபார்த்தவர் அந்த வெள்ளையைத் தொட்டிருக்கலாம். ஒரே இடத்தில் சுரண்டி எடுத்த மாதிரி போதாது. விரிசலுக்குள் இறங்கியிருக்கிறதா, பல இதழ்களின் அடிப்பூச்சிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசலுக்குள் மட்டும் இறங்கியிருந்தால் பழுதுபார்த்தவர் வேலையாக இருக்கலாம். அடிப்பூச்சில் இருந்தால் கதை முடிந்தது.

விவரம் தெரிந்தவர்கள் வழக்குக்குப் பயந்து வாயைத் திறப்பதில்லை. தெரியாதவர்கள் முத்திரை குத்தித் தருகிறார்கள். இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது சந்தை. உங்களுக்கு உள்ள நல்ல பிடி 1981ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாணை. கேட்டால் வியாபாரி விவரத்துடன் ரசீது தந்தாக வேண்டும். அதில் ஓவியர் பெயர் நேரடியாக இருந்தால் வியாபாரி பொறுப்பு. ‘அவர் பாணியில்’ என்றிருந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை. தரகரிடம் இந்த ரசீதை முதலில் கேளுங்கள். ரொக்கமாகத் தாருங்கள் என்றால், வியாபாரி 1000 யூரோவுக்கு மேல் உங்களிடம் ரொக்கம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள்.