கன்னத்தில் வெள்ளைத் திட்டு: எச்சில் பரிசோதனை போதுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 52. யாங்கூனில் இருக்கிறேன். இருபது வருடமாகப் புகையிலை போட்ட கூன்யா (பர்மிய வெற்றிலைப் பாக்கு) மெல்லுகிறேன். இடது கன்னத்தின் உள்ளே இரண்டு மாதமாக வெள்ளைத் திட்டு இருக்கிறது. சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எச்சிலிலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்கிறான் மகன். வெட்டாமல் அதைச் செய்துகொள்ளலாமா?

பதில்: மகன் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அது அல்ல. திட்டு கண்ணுக்குத் தெரிகிறது. அதிலிருந்தே சதை எடுத்துப் பார்ப்பதுதான் சரி.

புற்றாக மாறும் செல்கள் உதிர்ந்து எச்சிலில் கலக்கும். அவற்றின் டி.என்.ஏ.வில் புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணு பழுதாகியிருக்கிறதா, செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி16 மரபணு மெத்தில் என்ற வேதிக்கூறு ஒட்டி முடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐ.எல்.-8 போன்ற அழற்சிப் புரதங்களையும் அளப்பார்கள். ஈறு வீங்கி இரத்தம் கசிந்தாலே ஐ.எல்.-8 ஏறிவிடும், கூன்யா போடுகிறவர்கள் பலருக்கு ஈறு கெட்டுத்தான் இருக்கிறது. சின்னத் திட்டிலிருந்து உதிரும் செல்களோ மிகக் குறைவு. பாக்குத் தூளும் சுண்ணாம்பும் கலந்தால் மாதிரியே கெடும். சில எச்சில் பரிசோதனைகளில் பார்க்கும் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருளோ ஐஸில் வைக்காவிட்டால் சிதைந்துவிடும். அதனால் 'இல்லை' என்று முடிவு வந்தாலும் நிம்மதியாக உட்கார முடியாது. எனக்குப் பயம் இந்தப் பொய் நிம்மதியை நினைத்துத்தான்.

நோயைக் காட்டிக்கொடுக்கும் இப்படிப்பட்ட குறியீடு நன்றாக உதவும் இடம் மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்று. அங்கே பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கும், அதன் டி.என்.ஏ. இரத்தத்தில் தெரியும். ஹாங்காங்கில் அறிகுறியே இல்லாத 20,174 ஆண்களைச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் வைரஸ் தெரிந்தவர்கள் 309 பேர். அவர்களில் புற்று இருந்தது 34 பேருக்கு. அதையும் உறுதி செய்தது எண்டோஸ்கோப்பியும் எம்.ஆர்.ஐ.யும் சதைப் பரிசோதனையும்தான். கூன்யாவால் வரும் கன்னப் புற்றில் இப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு வைரஸ் இல்லை.

சதை எடுப்பது பெரிய வேலையில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, திட்டின் ஓரத்தில் சுமார் 5 மி.மீ. எடுப்பார்கள். சிவந்த இடமோ கெட்டியான இடமோ இருந்தால் அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வெறும் வெள்ளையைவிடச் சிவப்பு ஆபத்தானது. துண்டைத் தண்ணீரில் போடக்கூடாது, 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். வெட்டினால் பரவும் என்று பயந்து நாள் கடத்தாதீர்கள்.

புற்று இல்லை, செல் மாறுபாடு மட்டும் என்று வந்தால் அதன் அளவைப் பொறுத்துத் திட்டை முழுதாக எடுப்பார்கள், அல்லது சில மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். திட்டு தடித்தாலோ புண்ணானாலோ மறுபடி எடுக்க வேண்டும்.

கூன்யாவை இன்றே நிறுத்துங்கள். புகையிலையை மட்டும் விட்டால் போதாது. பாக்கே புற்றை உண்டாக்கும். வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் உட்சதை நாராகி இறுகியிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வாரமே யாங்கூன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கோ ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போங்கள்.