தேய்க்கும் கண்ணாடிக்கு அடியில் எதை விரிப்பது?

கேள்வி: வீட்டிலேயே தொலைகாட்டி செய்ய 6 அங்குல விட்டம், 19 மில்லிமீற்றர் தடிப்பில் கண்ணாடி வெட்டுவித்திருக்கிறேன். தேய்க்கும்போது அடியில் வைக்கத் தடித்த ஸ்பொஞ் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். பலகையில் சிலிக்கோனால் ஒட்டிவிடலாம் என்கிறார் எங்கள் தச்சர். எது நல்லது?
– வாசகர், கோண்டாவில்

பதில்: இரண்டும் வேண்டாம். சிலிக்கோன் இறுகும்போது கண்ணாடியை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவையோடு மினுக்கி முடித்துக் கழற்றினால், கண்ணாடி பழைய நிலைக்குத் திரும்பும். நீங்கள் தேய்த்தெடுத்த குழிவான வளைவு கெட்டுவிடும். இவ்வளவு தடித்த கண்ணாடியா வளையும் என்று தச்சர் சிரிப்பார். ஆனால் மேற்பரப்பில் பிழை ஏறத்தாழ 70 நனோமீற்றருக்குள் இருக்கவேண்டும், அதாவது மில்லிமீற்றரில் 14,000இல் ஒரு பங்கு. அந்த அளவுக்கு எந்தக் கண்ணாடியும் வளையும். பிறகு விண்மீன் புள்ளியாகத் தெரியாது. குவியத்துக்கு, அதாவது ஒளி ஒன்றுசேரும் இடத்துக்கு, ஒரு புறம் கிடையாகவும் மறுபுறம் நிமிர்வாகவும் நீளும். தடித்த ஸ்பொஞ்சோ, கை அழுத்துகிற பக்கம் புதையும்.

வாங்கவேண்டியது ஒரு துண்டு மரைன் பிளைவூட்தான். தண்ணீரில் ஊதாதபடி இருபக்கமும் வார்னிஷ் பூசுங்கள். அதன்மேல் மெல்லிய காபெற் வெட்டுத்துண்டு. கடையில் மிஞ்சியதைக் கேட்டாலே போதும், புதிதாக மீற்றர் கணக்கில் வாங்காதீர்கள். ஆனால் மூன்று நான்கு துண்டு எடுத்துவையுங்கள். கண்ணாடியைத் தேய்க்க முதலில் கரடுமுரடான தூளும் பிறகு மென்மையான தூளும் போடுவோம். காபெற்றில் சிக்கிய கரடுமுரடான தூள் பிறகு கண்ணாடியைக் கீறும்; தூளை மாற்றும்போது காபெற்றையும் மாற்றவேண்டும். கண்ணாடியின் முதுகு மட்டமாக இல்லையென்றால், சரி, முதலில் அதைத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்த விரிப்பும் உதவாது.

விளிம்பைச் சுற்றி மூன்று மரக்கட்டைகளை ஆணியடித்து நிறுத்துங்கள், கண்ணாடியை விடப் பதிவாக. கட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தடித்த மட்டை நுழையும் இடைவெளி இருக்கட்டும். இறுக்கினால் சிலிக்கோன் கதைதான். சில நிமிடங்களுக்கொருமுறை கண்ணாடியைக் காபெற்றின்மேல் கொஞ்சம் திருப்பிவையுங்கள். அப்போது அடியில் உள்ள மேடுபள்ளம் ஒரே இடத்தில் பதியாது. கரடுத் தூளில் இதை மறந்தாலும் பரவாயில்லை, அடுத்த தூள் சரிப்படுத்தும். சீரியம் ஒட்சைட்டால் மினுக்கும்போது மறக்கவே கூடாது.

இன்னொன்று: 6 அங்குலம்தானே, கண்ணாடியை மேலேயும் தேய்ப்பானை, அதாவது கண்ணாடியோடு உரசித் தேய்க்கும் வட்டத்தட்டை, கீழேயும் வைத்துக் கையால் தேய்க்கலாம். அப்படியானால் பலகையும் கட்டைகளும் தேய்ப்பானுக்குத்தான், இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. கை சூட்டில் கண்ணாடி விரியும் என்பதால், சோதிக்கும் முன் ஆறவிடுங்கள்.