உரல்புரையை இடிக்கலாமா?

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் பூர்வீக வீடு பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்திருக்கிறது. அறப்புரையும் நடுமுற்றமும் உள்ள பழைய மரவீடு. பழுதுபார்த்துக் காப்பாற்ற ஆசை. பின்பக்கம் நெல்லுப்புரை, நெல் குத்தும் கொட்டகையான உரல்புரை, தொழுவம் மூன்றும் பாதி சாய்ந்து நிற்கின்றன. அவற்றை இடித்துவிட்டுக் கார் ஷெட் போட்டால் வீடு எடுப்பாகத் தெரியும் என்கிறார் பொறியாளர். பலகைகளுக்கு நல்ல விலை தருவதாக ஒருவர் வந்துபோனார். என்ன செய்யலாம்?

ரா.

அன்புள்ள ரா.,

பொறியாளர் சொல்லும் எடுப்பு, கல்யாண ஆல்பத்துக்குப் பொருந்தும். மனிதர் வாழ ஒரு வீடு, சாமான் போட்டுவைக்க நாலு கொட்டகை என்று நீங்கள் இருவரும் பிரித்துப் பார்க்கிறீர்கள். அறப்புரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதில் உள்ள அறை நெல்லறைதான். வீட்டின் நடுவில், தரைக்கு மேலே தூக்கி, கனத்த பலகையடைத்து நெல்லைக் குடிவைத்தார்கள். மிச்ச இடத்தில்தான் நம் முன்னோர் பாய் விரித்தார்கள்.

இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லை அறுத்து முடிப்பதற்குள் ஐப்பசி மழை வாசலில் நிற்கும். வெயில் கண்ட நேரத்தில் நெல்லைப் பரப்ப வேண்டும், மேகம் கறுத்தால் வாரிக்கொண்டு ஓட வேண்டும். களத்திலிருந்து பத்தடியில் கூரை இல்லாவிட்டால் அந்தப் போகம் முளைத்துவிடும். நெல்லுப்புரை களத்தை ஒட்டி நிற்பது இதற்காகத்தான். உரல்புரையைத் தள்ளி வைத்தது உமித்தூசிக்கும் உலக்கைச் சத்தத்துக்கும் பயந்து. அதன் இறவானம், அதாவது கூரை விளிம்பு, தலைகுனியாமல் நுழைய முடியாதபடி தாழ்ந்திருக்கும். சாரல் உள்ளே வராது.

என் அம்மா பிறந்த வீட்டு நெல்லறையின் முகப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு தூண்களிலும் மேலிருந்து கீழாகக் காடி வெட்டி, குறுக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். பழைய கடைகளின் நிரைப்பலகை பார்த்திருப்பீர்கள்; அதைப் படுக்கவைத்த மாதிரி. ஒவ்வொரு பலகையின் மூலையிலும் உளியால் கீறிய கோடுகள். ஒரு கோடு அடிப்பலகை, ஒன்பது கோடு உச்சிப்பலகை. நெல் இறங்க இறங்க மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். ஆடி மாதம் நாலு கோட்டுப் பலகை வெளியே வந்துவிட்டால் பாட்டி மரவள்ளிக்கிழங்கு அவிக்கத் தொடங்குவாள். நாங்கள் நாட்காட்டி பார்த்ததில்லை, பலகை எண்ணினோம். உங்களிடம் வந்த ஆள் வாங்க நினைப்பது அந்தப் பலகைகளைத்தான். ஏதோ ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். கோடு எதற்கென்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் தக்கலை வரை போய்ப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது அது. எல்லோரும் அதன் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூணையும் கண்ணாடி போன்ற கருந்தரையையும் படமெடுப்பார்கள். நீங்கள் ஊட்டுப்புரையில் கொஞ்சம் நில்லுங்கள். ஆயிரம் பேருக்கு இலைபோடும் கூடம், ஊறுகாய்ப் பரணிகள். ராஜாவின் அரண்மனையே புரைகளின் தொகுப்புதான். அதில் ஊட்டுப்புரையை இடித்திருந்தால் மிச்சமுள்ள மாளிகைகள் எங்கே சாப்பிட்டன என்று யாருக்குத் தெரியும்?

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லி உங்கள் பணத்தை நான் செலவழிக்கக் கூடாது. தொழுவத்தில் இனி மாடு வரப்போவதில்லை. கூரையைச் சரிசெய்து உங்கள் காரை அங்கே கட்டுங்கள். நெல்லுப்புரையின் ஓடுகளை இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் மாற்றிவிடுங்கள். கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்களின் நுனிகளை மரவேலை தெரிந்த மூத்த ஆசாரி ஒருவர் தட்டிப் பார்க்கட்டும், கரையான் அங்கேதான் ஆரம்பிக்கும். சுண்ணாம்புச் சுவரில் மட்டும் சிமெண்ட் பூசவிடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி உத்தரத்தைத் தின்றுவிடும்.

உரல்புரையைப் பற்றி எழுதினீர்கள், உரலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது அங்கேயே இருக்கிறதா, இல்லை யாராவது பூச்செடி வைக்கக் கொண்டுபோய்விட்டார்களா?